குளிருக்கு ஹீட்டர் செட் என்று சொல்லி 1,860 மலேசிய வெள்ளியைச் சுருட்டிவிட்டார்கள்

மலேசியா, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். நேற்று இரவு மகள் வீடியோ காலில் அந்தப் பெட்டியைப் பிரித்துக் காட்டினாள். இன்னும் என் வயிறு எரிகிறது. வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மகள் இங்கிலாந்தில், லீட்ஸில் படிக்கிறாள். பழைய செங்கல் வீடு, நான்கு பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஜன்னல் இடுக்கில் காற்று ஊதுகிறது, காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது என்றாள். டிசம்பரில் மாலை 4 மணிக்குள் இருட்டிவிடுமாம். வருஷம் முழுக்க ஃபேனுக்குக் கீழே தூங்கும் எனக்கு அந்தக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? பயம் மட்டும்தான் வந்தது.

எல்லோரும் பொருள் வாங்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் கோலாலம்பூர் விற்பனையாளர் ஒருவர் "குளிர்கால வீட்டு செட்" போட்டிருந்தார். எண்ணெய் நிரப்பிய 2,000 வாட் ஹீட்டர், கனமான திரைச்சீலை, இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு பரவினால் கத்தும் அலாரம். விசாரித்தவுடன் அவரே கூப்பிட்டார். நல்ல தமிழ். "அக்கா, என் சொந்தத் தங்கச்சி மான்செஸ்டர்ல இருக்கா, அவளுக்கும் இதே செட்தான் அனுப்பினேன். பிளக்கும் நம்ம ஊர் மூணு கால் பிளக்தான், அப்படியே சொருகலாம்" என்றார். தங்கச்சி என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். ஆப்பில் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள், நேரே வங்கிக் கணக்கில் போட்டால் 200 வெள்ளி குறைக்கிறேன் என்றார். 1,860 வெள்ளி. சீட்டுக் காசிலிருந்து எடுத்துப் போட்டேன்.

ஏழு நாளில் வரும் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. முதலில் "கஸ்டம்ஸ்ல நிக்குது அக்கா", பிறகு "கூரியர்காரங்கள கேளுங்க", பிறகு நீல டிக் மட்டும். ஒரு கட்டத்தில் அக்கா போய் "மேடம்" ஆகிவிட்டேன்.

பெட்டியில் இருந்தது என்ன தெரியுமா? உள்ளங்கையளவு ஃபேன் ஹீட்டர், 500 வாட். நம் வீட்டு ரைஸ் குக்கரே கிட்டத்தட்ட அவ்வளவு மின்சாரம் எடுக்கும், அதை வைத்து ஓர் அறையைச் சூடாக்குவதா? திரைச்சீலை கை தெரியும் அளவுக்கு மெல்லிசு. அலாரம் இல்லவே இல்லை. பிளக்கை மகள் கேமரா பக்கத்தில் காட்டினாள். உள்ளே ஃபியூஸ் கிடையாது. மேலே இருக்கும் எர்த் காலுக்கும் கறுப்பு பிளாஸ்டிக் உறை. முறையான பிளக்கில் கீழ் இரண்டு கால்களுக்குத்தான் அந்த உறை இருக்கும், எர்த் கால் முழுக்க உலோகமாகத்தான் இருக்க வேண்டும். என் பிள்ளை இதை இரவெல்லாம் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தால்?

போட்டோ அனுப்பினேன். "அது இன்டர்நேஷனல் பிளக் மேடம்" என்று பதில், உடனே பிளாக். தளத்தைக் கேட்டால், வெளியே கட்டிய பணத்துக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். 1,860 வெள்ளி போயே போய்விட்டது.

இன்னொரு கொடுமை, அந்த அலாரத்துக்கு நான் காசு கட்டியிருக்கவே வேண்டாம். 2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் இருக்கும் அறையில் அதை வீட்டு உரிமையாளர்தான் வைத்துத் தர வேண்டும். கேஸ் பாய்லரை வருஷம் ஒரு தடவை பரிசோதிக்க வைப்பதும் அவர் பொறுப்பு. மகள் வீட்டில் அலாரம் ஏற்கெனவே இருக்கிறது. நான்தான் கேட்காமல் விட்டேன்.

என்ன செய்யணும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. ஆப்புக்கு வெளியே ஒரு காசு கட்டாதீர்கள். ஹீட்டரை அந்த ஊர்க் கடையிலேயே பிள்ளையை வாங்கச் சொல்லுங்கள். பணம் போடும் முன் கணக்கு எண்ணை, அது மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அடியுங்கள், என்னைப் போல் ஐந்து வாரம் காத்திருக்க வேண்டாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ரசீது, சாட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன், திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் நிற்கப் போகிறேன்.

மகள் நேற்று ஜாக்கெட்டைக் கழற்றாமல் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு படுத்தாள்.