எச்சரிக்கை: புகைபோக்கியில் வளர்ந்த ‘சுரங்கப் படிகம்’, போனது 640 டாலர்

பணத்தைத் திருப்பித் தர முடியாதென்ற கடைசி மறுப்பு நேற்று இரவு வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கனிமங்களை ஏலம் விடும் ஓர் இணையதளத்தில், நியூஜெர்சியின் ஃபிராங்க்ளின் துத்தநாகச் சுரங்கத்து ஜின்கைட் (துத்தநாக ஆக்சைடுக் கனிமம்) என்று சொல்லப்பட்ட ஒரு படிகத்தை 640 டாலருக்கு எடுத்தேன். சுண்டுவிரல் நீளத்தில், ஆறு பட்டைகளுடன், வெளிச்சத்தில் பிடித்தால் தேன்போல ஒளிவிடும் ஆரஞ்சு நிறக் கல் அது. 1954-இல் மூடிய சுரங்கத்திலிருந்து இனிப் புதிதாக எதுவும் வராது என்ற எண்ணம் என்னை அவசரப்படுத்தியது. ஆனாலும் என்னை வீழ்த்தியது கல் அன்று, அதனுடன் இருந்த சீட்டு. பழுப்பேறி, ஓரம் மடிந்து, சாய்ந்த கையெழுத்தில் ஊர்ப்பெயரும் 1921 என்ற ஆண்டும் கொண்ட அந்தத் துண்டுத்தாளை, தாத்தா காலத்துப் பத்திரத்தை நம்புவதுபோல் நம்பினேன்.

ஐந்து வாரம் கழித்து, ஃபிராங்க்ளினுக்கு அருகிலுள்ள ஸ்டெர்லிங் ஹில் சுரங்கத்தைப் பார்க்கப் போனேன். 1986-இல் வேலை நின்று, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அதனுள் விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டதும், சுவரில் கால்சைட் என்ற கனிமம் தணலாகச் சிவந்தது. வில்லெமைட் என்ற துத்தநாகக் கனிமம் பச்சையாக எரிந்தது. அங்கிருந்த ஜின்கைட்டோ பெரும்பாலும் ஃபிராங்க்லினைட் என்ற கறுத்த கனிமத்துடன் பின்னிக் கிடந்த அடர்சிவப்பு மணிகள்தாம். என்னிடமிருந்ததுபோன்ற கண்ணாடித் தூண் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். போலந்தின் துத்தநாக ஆலைகளில், உலையிலிருந்து எழுந்த துத்தநாக ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, புகைபோக்கிச் சுவர்களில் இத்தகைய பெரிய படிகங்களாக வளர்ந்திருக்கிறது. அழகில் குறையில்லை, ஆனால் அது மண்ணில் விளைந்ததன்று, 640 டாலர் பெறுவதுமன்று. சீட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். எழுத்துகளில் பேனா மை ஓடிய தடமே இல்லை, நீலமும் மஞ்சளுமாக அச்சுப்பொறியின் புள்ளிகள்!

விற்றவர் முதலில், “இரண்டும் வேதியியல்படி துத்தநாக ஆக்சைடுதானே” என்றார். கேட்டது வேதியியல் அன்று, பிறந்த இடம் என்று எழுதியதற்குப் பதிலே இல்லை. தளத்தாரோ, திருப்பி அனுப்பும் 30 நாள் கெடு முடிந்துவிட்டதென்றும், ‘ஜின்கைட்’ என்று விவரித்தார்கள், ஜின்கைட்டே வந்திருக்கிறது என்றும் ஒரே வாசகத்தை மூன்று முறை அனுப்பிக் கோப்பை மூடிவிட்டார்கள். என் 640 டாலரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

விரிவாக வழிகாட்ட எண்ணித்தான் தொடங்கினேன், இப்போது பொறுமையில்லை. தாய்ப்பாறை ஒட்டாத, பளிங்குபோல் தெளிந்த பெரிய ஜின்கைட்டைக் கண்டால் விலகுங்கள். சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பொருள் வந்த வாரமே விவரமறிந்தவரிடம் காட்டுங்கள். என் சீட்டைப் பெரிதாக்கிப் படமெடுத்து, நான் பணம் செலுத்திய அட்டையை வழங்கிய வங்கிக்கு இன்று காலை புகாருடன் அனுப்பியிருக்கிறேன்.