எஃப்.எல். ஸ்டுடியோவா, ரீப்பரா, லாஜிக்கா? சொந்தப் பாட்டு போட எது தோது

அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ ஒரு சின்ன அறை, ஒரு லேப்டாப், ஒரு மைக், நோட்டில் எழுதிவைத்த நாலு வரிப் பல்லவி. பெங்களூரில் சொந்தமாகத் தமிழ்ப் பாட்டு போட நினைக்கும் பலருக்கும் கையிருப்பு இவ்வளவுதான். எந்த மென்பொருளில் வேலை செய்வது என்று கேட்டால், மெட்டு உங்களுக்கு எப்படி வருகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு மேசையில் தாளம் தட்டும்போது பாட்டு வரும். சிலருக்கு வாய்விட்டு முணுமுணுத்தால்தான் வரும். இந்த இருவருக்கும் ஒரே மென்பொருளைச் சொல்ல எனக்கு மனம் வராது.

தாளத்தில் தொடங்குபவர் எஃப்.எல். ஸ்டுடியோவுக்குப் போகலாம். அதன் ஸ்டெப் சீக்வென்சரில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தைத் தட்டுகிறீர்களோ அங்கே அடி விழும். தொடக்கத்தில் 16 கட்டம் இருக்கும், நாலு நாலாக எண்ணும் பாட்டுக்கு அது சரி. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு வேண்டுமென்றால் கட்டங்களை 14 ஆக்கி, 1, 7, 11 ஆகிய இடங்களில் அடி வையுங்கள். ‘தகிட தக திமி’ கச்சிதமாக உட்காரும். ஐந்து எண்ணிக்கையுள்ள கண்ட சாபுக்கு 10 கட்டம். 1, 5 ஆகிய இடங்களில் அடி. அப்புறம் ஒரு சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை என்று சொல்லும் டைம் சிக்னேச்சரையும் முறையே 7/8, 5/8 என்று மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரையில் சுற்றைப் பிரிக்கும் கோடு ஓரிடத்திலும் தாளம் ஓரிடத்திலும் நிற்கும். அரை மணி நேரத்தில் ஒரு முழுத் தாளக்கட்டு கைக்கு வந்துவிடும். அந்த வேகம் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒருமுறை வாங்கினால் அடுத்தடுத்த பதிப்புகள் எல்லாம் இலவசம் என்பதும் பெரிய விஷயம். ஆனால் காசு கட்டாத சோதனைப் பதிப்பில், சேமித்த பாட்டை மறுபடி திறக்க முடியாது. வாரக் கடைசியில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டு கட்டும் ஐ.டி. ஊழியருக்கு இது ஒத்துவராது. குரல் பதிவுக்கு அதன் ப்ரொட்யூசர் எடிஷன் என்ற பதிப்பை எடுப்பதே நல்லது. அப்படி எடுத்தாலும், பல தடவை பாடியதிலிருந்து நல்ல துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலை அதில் எனக்குச் சுகப்படவில்லை.

அந்த வேலையில்தான் ரீப்பர் முந்துகிறது. பாட்டு கேட்கும் மென்பொருளான வின்ஆம்பைச் செய்த ஜஸ்டின் ஃப்ராங்கலின் கைவேலை இது. 60 நாள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கு உரிமம் 60 டாலர். இசைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டினால் 225. பழைய விண்டோஸ் லேப்டாப்பிலும் சிரமமில்லாமல் ஓடும், லினக்ஸிலும் ஓடும். பல்லவியை ஆறேழு தடவை பாடினால் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும். இரண்டாவதில் எடுப்பு, ஐந்தாவதில் சங்கதி என்று எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, நம் ஊர் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. பக்கத்துக் கட்டடத்தின் போர்வெல் மோட்டார் விடாமல் இரைந்துகொண்டிருக்கும். ரீப்பரோடு வரும் ரியாஃபிர் என்ற கருவியில் சப்ட்ராக்ட் என்றொரு முறை இருக்கிறது. யாரும் பாடாத இரண்டு விநாடியை அதற்குக் கேட்கக் கொடுத்தால், அந்த ஒரே சீரான இரைச்சலைக் கற்றுக்கொண்டு குரலிலிருந்து கழித்துவிடும். ஆட்டோ ஹாரனை அது ஒன்றும் செய்யாது. அதற்கு இரவு பதினொரு மணிக்கு மேல் பாடுவதுதான் வழி.

ரீப்பரின் குறை, பெட்டி காலி. வாத்திய ஒலிகள் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வராது. சர்ஜ் எக்ஸ்டி, டீசென்ட் சாம்ப்ளர் போன்ற இலவச பிளக்இன்களை, அதாவது உள்ளே சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்களை, நீங்களே தேடிப் போட வேண்டும்.

பெட்டி நிறைய ஒலி வேண்டுமென்றால் லாஜிக் ப்ரோ. ஆனால் ஆப்பிளின் மேக்கோ ஐபேடோ இருந்தால்தான் அந்தப் பேச்சே. இதற்காகப் புதிதாக மேக் வாங்க வேண்டாம். அந்தக் காசில் பாதிக்கு நல்ல மைக்கும், அதை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கிவிடலாம், பாட்டில் அது உடனே கேட்கும். ஏற்கெனவே மேக் வைத்திருப்பவர் இலவசமான கராஜ்பேண்டில் தொடங்கலாம், அதில் செய்த பாட்டு அப்படியே லாஜிக்கில் திறக்கும்.

இனி கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. நம் மெட்டுக்கு உயிரே அதுதான் என்பதால் இங்கே நான் பிடிவாதக்காரன். தோடி ராகத்தின் காந்தாரத்தை, சுரங்களைக் கட்டங்களாக வரையும் பியானோ ரோலில் ஒரே நீளக் கட்டமாக வரைந்தால் அது தோடி ஆகாது. அங்கே சுரம் அசைந்தாக வேண்டும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் எஃப்.எல்.லின் ஸ்லைடு நோட் கேட்க அழகாக இருக்கும், ஆனால் அதன் சொந்த வாத்தியங்களில் மட்டுமே வேலை செய்யும். வெளி பிளக்இன் என்றால் சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் கோட்டைக் கையால் வரைய வேண்டும், அது எந்த மென்பொருளிலும் பொறுமை கேட்கும் வேலை. லாஜிக்கின் ஃப்ளெக்ஸ் பிட்ச் பாடிய ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகக் காட்டும். தவறிய ஒன்றை மட்டும் திருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நேராக்கும் வசதியைத் தொட்டால் பாடியவரின் அசைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். குரலில் வராத கமகத்தை எந்த மென்பொருளும் போட்டுத் தராது. அதனால்தான் மெட்டை முதலில் பாடிப் பதிந்துவிட்டுப் பின்னணியை அதைச் சுற்றிக் கட்டச் சொல்கிறேன். அந்த வழிக்கு ரீப்பரே என் தேர்வு.

மேடையில் நேரடியாக லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துண்டுகளை, ஓடவிட்டு வாசிப்பவருக்கு ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு மென்பொருள் அருமையானது. வீட்டில் உட்கார்ந்து பல்லவி, சரணம் என்று பாட்டு கட்டுபவர் அதற்குச் செலவழிக்க அவசியமில்லை.

பாடுபவர் சென்னையில் இருக்கிறார், அவரிடம் வேறு மென்பொருள் என்றால் அதுவும் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து, கோப்பின் பெயரிலேயே டெம்போவை, அதாவது பாட்டின் வேகத்தை, எழுதி அனுப்புங்கள். அவர் எதில் திறந்தாலும் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும்.