ஷார்ப்ஸா, ஹை வாலா, ரோலிங் பிளாக்கா?

அமெரிக்காவில் பழைய பாணி ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றை வாங்கி ஆயுசுக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவர், சுற்றிச் சுற்றி மூன்று பெயர்களில்தான் வந்து நிற்பார்: 1874 ஷார்ப்ஸ், வின்செஸ்டர் 1885 ஹை வால், ரெமிங்டன் ரோலிங் பிளாக். மூன்றும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இன்று கடையில் புதிதாகக் கிடைப்பவை நல்ல எஃகில் செய்த நகல்கள். நம்மூர் நாட்டுத் துப்பாக்கி போல வாய்வழியே மருந்து போட்டு இடிக்கும் வேலை இல்லை. குழலின் பின்பக்கத்தைத் திறந்து, ஒரே ஒரு தோட்டாவை வைத்து மூட வேண்டும். அந்தப் பின்கதவை எப்படி மூடுகிறார்கள் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

பார்வைக்கு ஷார்ப்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கவாட்டில் பெரிய குதிரை, அதாவது அடித்து வெடிக்க வைக்கும் சுத்தி; அடியில் விசையைச் சுற்றி வளைந்த நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் எஃகுக் கட்டை ஒன்று செங்குத்தாக இறங்கி வழிவிடும். 1874இல் டெக்சஸின் அடோபி வால்ஸில் காட்டெருமை வேட்டைக்காரர் பில்லி டிக்ஸன் 1,538 கெஜம் தள்ளி இருந்த ஒருவரைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்வார்களே, அது ஷார்ப்ஸில்தான். ஏதோ அதிர்ஷ்டத்தில் பட்டது என்று டிக்ஸனே ஒப்புக்கொண்டார். விளம்பரங்களில் அந்த வரியைக் காணோம். சமவெளிக் காட்டெருமைகளை மலைமலையாகக் கொன்று குவித்ததிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் மறந்துவிட முடியாது.

வாங்குபவருக்கு இரண்டு வழி. மொன்டானாவின் பிக் டிம்பர் என்ற சின்ன ஊரில் ஷைலோ நிறுவனம் ஆர்டர் எடுத்துச் செய்து தருகிறது. பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். இல்லையென்றால் இத்தாலியின் பெடர்சோலி. எதை எடுத்தாலும் ஒரு குறை கூடவே வரும். குதிரை கனமானது, வீசும் தூரமும் அதிகம். விசையை அழுத்தியதற்கும் வெடிப்பதற்கும் இடையில் ஒரு நொடிப்பின்னம் போய்விடும். நின்றபடி சுடுபவருக்கு அந்த இடைவெளியில்தான் குறி நழுவும். ஐந்து கிலோ இரும்பைத் தோளில் தாங்கும்போது கேட்கவே வேண்டாம்.

ரோலிங் பிளாக் எளிமையின் உச்சம். இரண்டு தடித்த அச்சு ஊசிகள். ஒன்றில் குதிரை, மற்றொன்றில் கதவு. குதிரையை இழுத்து, கதவைக் கட்டைவிரலால் பின்னுக்கு உருட்டித் தோட்டாவை வைக்க வேண்டும். சுடும்போது குதிரையின் அடிப்பாகமே கதவுக்குக் கீழே புகுந்து முட்டுக் கொடுத்துவிடும். டென்மார்க், ஸ்வீடன், எகிப்து, ஸ்பெயின் என்று பல நாட்டுப் படைகள் இதை வாங்கியதில் வியப்பில்லை. 1874இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் நடந்த துப்பாக்கி சுடும் போட்டியில் அயர்லாந்து அணியை அமெரிக்கர்கள் 934–931 என்று வென்றபோது, அவர்களின் கையில் இருந்தவை ரெமிங்டனும் ஷார்ப்ஸும். அயர்லாந்துக்காரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுவில் சுட்டதும் உதவியது என்பது வேறு கதை.

இதன் பலவீனம் தோட்டாவை உள்ளே நுழைப்பதிலும் வெளியே எடுப்பதிலும். கருமருந்துக் கரி படிந்த குழலின் பின்முனை அறைக்குள் தோட்டாவை விரலால் முழுக்கத் தள்ளியாக வேண்டும். சுட்ட பின் தோட்டாவின் வெற்றுக்கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியும் சிறியது.

என் ஓட்டு ஹை வாலுக்கு. ஜான் பிரவுனிங் 1879இல் காப்புரிமை பெற்ற வடிவம். 1883இல் வின்செஸ்டர் விலைக்கு வாங்கியது. ஷார்ப்ஸ் போலவே கட்டை இறங்கி ஏறுகிறது, ஆனால் குதிரை நடுவில், சிறியதாக, வேகமாக விழுகிறது. கட்டை ஏறும்போது தோட்டாவையும் தள்ளி உட்கார வைக்கிறது. பலத்தில் மூன்றிலும் இதுதான் முதலிடம்.

இதிலும் ஒரு கவனம். ஜப்பானின் மிரோகு ஆலை செய்யும் ஹை வாலில் வேலைப்பாடு பிரமாதம். ஆனால் சுட்ட பின் குதிரை தானே சற்றுப் பின்வாங்கி நிற்பது போன்ற நவீன மாற்றங்கள் உண்டு. பழைய வடிவத்துக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் இத்தாலியின் உபெர்ட்டியைப் பாருங்கள்.

சட்டத்தில் பலர் குழம்பும் இடம் ஒன்று. அமெரிக்க மத்திய சட்டப்படி 1898 வரை செய்யப்பட்ட அசல்கள் பழம்பொருள். இந்த நகல்களோ இன்றும் கடையில் கிடைக்கும் தோட்டாவைச் சுடுபவை என்பதால், உரிமம் பெற்ற வியாபாரியிடம் மற்ற ரைஃபிள்களுக்கு உள்ள அதே படிவம்தான்.

அப்புறம் தோட்டா. 1990இல் வந்த ஒரு படத்தின் புண்ணியத்தில் .45-110 என்ற தோட்டாவுக்கான ரைஃபிள் கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். 1873இல் அமெரிக்கப் படை ஏற்ற .45-70 இன்றும் சாதாரணக் கடையில் கிடைக்கும். ஆனால் அதில் மூன்று தரத்து அழுத்தம் உண்டு. உச்ச அழுத்தத்தில் அடைத்ததை ஷார்ப்ஸிலோ ரோலிங் பிளாக்கிலோ போடக் கூடாது. கடைசியாக ஒன்று: தோளில் முட்டும் மரக்கட்டையின் முனையில் பிறை வடிவ இரும்புப் பட்டை படத்தில் ஜோராக இருக்கும். இருபது தோட்டா சுட்ட பிறகு தோள் வேறு கதை சொல்லும். தட்டையான பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.