ஏலம் உங்களுக்கே என்று மெசேஜ் வரும், வண்டி வராது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் டிராவல்ஸ் ஓட்டுபவர்கள் யாராவது ஆன்லைன் ஏலத்தில் சீஸிங் வண்டி (கடன் தவணை நின்றதால் ஃபைனான்ஸ் பிடித்த வண்டி) எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், டெபாசிட் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏலத்தில் ஜெயித்த பிறகும் விற்க மாட்டேன் என்கிறார்கள். அதற்கு வழி வைத்துத்தான் விதிமுறையையே எழுதியிருக்கிறார்கள்.

நான் சொந்தமாக ஒரு வண்டி வைத்து நானே ஓட்டுகிறேன். டிசம்பர், ஜனவரி வந்தால் மதுரை விமான நிலையத்திலிருந்து கானாடுகாத்தான் பங்களா ஹோட்டல்களுக்கு வெளிநாட்டு விருந்தினர்கள், கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) சென்னை, சிங்கப்பூரிலிருந்து வரும் குடும்பங்கள் என்று ஓட்டம் இருக்கும். ஒரு வண்டி போதாது. ஷோரூம் இன்னோவா நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தவணை கட்டாததால் ஃபைனான்ஸ் நிறுவனம் பிடித்து வைத்திருந்த டி போர்டு (வாடகை வண்டியாகப் பதிந்த) இன்னோவா ஒன்று ஏலத்துக்கு வந்தபோது 20,000 ரூபாய் டெபாசிட் கட்டிப் பெயர் பதிந்தேன்.

வண்டி திருச்சி ரோட்டில் ஒரு யார்டில் நின்றது. மெக்கானிக் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பேட்டரி செத்துக் கிடந்ததால், நாங்களே ஒரு பேட்டரி கொண்டுபோய் மாட்டித்தான் ஸ்டார்ட் செய்தோம். இன்ஜின் சத்தம் நன்றாக இருந்தது. பின் பம்பரில் இடது பக்கம் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். இந்த நசுங்கலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலத்தன்று மாலை என்னோடு சேர்த்து நாலைந்து பேர் கேட்டார்கள். கடைசி நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் நேரம் இன்னும் சில நிமிடம் நீளும். அப்படி நீண்டு நீண்டு 6,15,000 ரூபாயில் என் பெயரில் நின்றது. "வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்று மெசேஜும் வந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது.

ஒப்புதல் எப்போது வரும் என்று ஏலத் தளத்துக்குப் போன் செய்தால் ஃபைனான்ஸில் கேளுங்கள் என்றார்கள். ஃபைனான்ஸில் கேட்டால் ஹெட் ஆபீஸிலிருந்து வர வேண்டும் சார் என்றார்கள். இதற்கிடையில் பாக்கிப் பணத்தைத் தயாராக வையுங்கள், ஒப்புதல் வந்த பிறகு கட்டத் தாமதித்தால் டெபாசிட் போய்விடும் என்று தளத்திலிருந்து ஞாபகப்படுத்தல் வேறு. நகையை வைத்துப் பணம் புரட்டி வைத்திருந்தேன். அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஃபைனான்ஸ் ஆபீஸர் பேசினார். "சாரி சார், லோன் எடுத்தவரே வந்து செட்டில் பண்ணி வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. வண்டியைப் பறிகொடுத்தவன் எங்கேயோ கடன் வாங்கி மீட்டிருக்கிறான், நல்லா இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். என் தொழில்காரன்தானே அவனும்.

அடுத்த வாரமே அதே தளத்தில் ஒரு இன்னோவா வந்தது. அதே பதிவு எண், பின் பம்பரில் இடது பக்கம் அதே நசுங்கல். ஆரம்ப விலை மட்டும் 6,25,000. போன தடவை 4,50,000-த்தில் ஆரம்பித்த வண்டி. நாங்கள் போட்டி போட்டு விலையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறோம், அவர்கள் அதையே தரையாக வைத்து மறுபடி ஏலம் போட்டுவிட்டார்கள். ஆபீஸருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. யார்டு வாட்ச்மேனைக் கேட்டேன். "வண்டி இங்கேயேதாண்ணே நிக்குது, யாரும் எடுக்கலையே" என்றார்.

கடன் வாங்கியவர் மீட்டுவிட்டார் என்ற காரணத்தை இனி யார் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள். ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்திருக்கும் நியாய நடைமுறை விதிகளின்படி, பணம் கட்டக் கடைசி வாய்ப்பை விற்பனைக்கோ ஏலத்துக்கோ முன்பே அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். அது கடன் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு திடீரென்று மீட்டார் என்றால் அதற்குக் கடிதம் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் எலுமிச்சம்பழத்தை ஏலம் விட்டாலும், ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லியாச்சு என்றால் பழம் கேட்டவருக்குத்தான். பெரிய புள்ளி ஒருவர் வந்து நான் கூடத் தருகிறேன் என்றாலும் நடக்காது. சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 64-ஆம் பிரிவில், ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிந்தது என்று அறிவித்ததும் விற்பனை முழுமையடைகிறது. ஆனால் காரைக்குடியில் எனக்குத் தெரிந்த வக்கீல் விதிமுறையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஏலத்தில் கேட்ட உயர்ந்த விலை வாங்குபவரின் விருப்பம் மட்டுமே, விற்பவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் விற்பனை என்று அதில் போட்டிருக்கிறது. அதாவது சுத்தியல் விழவே இல்லை என்று வாதிடுவார்கள். நான் பின்வாங்கினால் டெபாசிட் பறிபோகும். அவர்கள் பின்வாங்கினால் ஒரு சாரி. இது என்ன ஒப்பந்தமோ!

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. முன்கூட்டியே அறிவிக்காமல் விற்பவர் தானோ ஆள் வைத்தோ ஏலம் கேட்கக் கூடாது, கேட்டால் அதை மோசடியாகக் கருத வாங்குபவருக்கு உரிமை உண்டு. கடைசி நேரத்தில் என்னோடு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே வந்த, திரையில் எண்ணாக மட்டும் தெரிந்த ஒருவர் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. நிரூபிக்க வழியில்லை, அதனால் அதோடு விடுகிறேன்.

டெபாசிட்டைக் கேட்டபோது அடுத்த ஏலத்துக்கு வரவு வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று மெயில் போட்டேன், பதில் இல்லை. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். முதல் ஏலத்தின் மெசேஜ், இரண்டாவது ஏலத்தின் பக்கம், பதிவு எண் தெரியும் படம் மூன்றையும் இணைத்தேன். டெபாசிட் முழுசாக வங்கிக் கணக்குக்குத் திரும்பியது. நகைக்கடன் வட்டி, மெக்கானிக் கூலி, சீசனுக்கு ஒத்துக்கொண்ட ஓட்டத்துக்கு வெளி வண்டி வாடகை எல்லாம் என் தலையில்.

மேற்கொண்டு போக நினைப்பவர்களுக்கு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நமக்குச் சிவகங்கை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டுபவருக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு அது கஷ்டம். ஏலத்தில் எடுப்பவர் நுகர்வோரா என்றே வாதம் வரலாம் என்றும் வக்கீல் சொன்னார். நான் இன்னும் போடவில்லை, காகிதங்களை அவரிடம் கொடுத்திருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் சீஸிங் வண்டிதான் வேண்டும் என்றால், ஒப்புதல் எத்தனை நாளுக்குள் வரும், வராவிட்டால் டெபாசிட் எப்போது திரும்பும், குறைந்தபட்ச விலை ஒன்று மறைவாக இருக்கிறதா என்று மெயிலில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். போனில் சொல்வது எதற்கும் உதவாது. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். பிடித்த வண்டிக்கு ஃபைனான்ஸ் நிறுவனம் படிவம் 36 கொடுத்துத் தன் பெயருக்கு ஆர்.சி. வாங்கியிருக்கிறதா என்பது முக்கியம். இல்லையென்றால் வண்டி கைக்கு வந்தாலும் பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டியிருக்கும். பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று), அபராதப் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். வண்டியை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர் கைக்கு வரும் வரை நகையை வைக்காதீர்கள், பழைய வண்டியை விற்காதீர்கள், யாரிடமும் ஓட்டம் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் அந்தத் தளத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, சிறப்பு உறுப்பினராகச் சேர்ந்தால் நல்ல வண்டிகளை முன்கூட்டியே காட்டுவோம் சார் என்றார். ஒப்புதலுக்குக் கெடு உண்டா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர், இன்னும் சொல்லவில்லை.