எகிப்துக் கல்லறைப் பொம்மைகள்: பிள்ளைகளுக்கான களிமண் வகுப்பு, சேர்க்கலாமா?

தெற்கு லண்டனில் ஒரு சின்ன மண்பாண்டப் பட்டறையில் நான்கு சனிக்கிழமை நடக்கும் வகுப்பு இது. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே மாதிரி வகுப்புகள் இங்கே பல இடங்களில் நடக்கின்றன, சேர்க்கும் முன் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது உதவும். கட்டணம் 96 பவுண்டு, மண், பூச்சு, சூளைச் செலவு எல்லாம் அதிலேயே அடக்கம். இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் 7 முதல் 11 வயதுக்குள் சுமேர், சிந்துவெளி, எகிப்து, சீனாவின் ஷாங் அரச வம்சம் இவற்றில் ஒன்றை ஆழமாகப் படித்தாக வேண்டும், எங்கள் பெண்ணின் பள்ளியில் எகிப்து. மம்மி பைத்தியம் பிடித்து அலைந்தாள், அதனால் சேர்த்துவிட்டோம்.

முதல் வாரம் ஷப்தி, அதாவது இறந்தவரோடு கல்லறையில் வைக்கும் சின்னப் பொம்மை. கொடுத்த காசு அந்த ஒரு வகுப்புக்கே தகும். செத்த பிறகும் மறுவுலகில் வயலில் வேலை இருக்கும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும், கிழக்கிலிருந்து மேற்குக்கு மணல் சுமக்க வேண்டும், கூப்பிடும்போது நமக்குப் பதிலாக "இதோ இருக்கிறேன்" என்று எழுந்து போகத்தான் இந்தப் பொம்மை என்று ஆசிரியை மண்ணைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார், சாவு என்பதை மழுப்பவே இல்லை. பண்டை எகிப்தின் இளம் அரசன் துட்டன்காமுன் கல்லறையில் 413 ஷப்திகள் கிடைத்தன: நாளைக்கு ஒருவராக 365 வேலையாட்கள், பத்துப் பேருக்கு ஒருவர் கணக்கில் 36 மேஸ்திரிகள், மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 பெரிய மேஸ்திரிகள். இதைக் கேட்டதும் ஒரு பையன் லீப் வருஷத்தில் அந்த ஒரு நாள் வேலையை யார் செய்வார்கள் என்றான். அப்போது அவர்கள் நாட்காட்டியில் லீப் வருஷமே கிடையாது என்று பதில் வந்தது. இப்படி உடனே பதில் சொல்லத் தெரிந்த ஆசிரியை கிடைப்பது பெரிய விஷயம்.

செய்முறையும் நன்றாகத்தான் இருந்தது. உள்ளங்கை நீளத்துக்கு மண்ணை உருட்டி, கழுத்தில் லேசாக நெரித்து, தலைமுடிக்கு இரண்டு பட்டைகளைத் தோள்வரை இழுத்துவிட்டு, கைகளைத் தனியாகச் செய்து, ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கீறல் போட்டு, மண் குழம்பு தடவி அழுத்த வேண்டும். கீறாமல் ஒட்டினால் காயும்போது கை உதிர்ந்துவிடும். அப்புறம் அடியிலிருந்து ஒரு பென்சிலை உள்ளே குத்தி உருவச் சொன்னார், உடம்பு தடியாக இருந்தால் நடுவில் ஈரம் நின்று சூளையில் வெடிக்கும் என்பதால். கடைசியில் பல்குச்சியால் கையில் மண்வெட்டியும் முதுகில் ஒரு பையும் கீற வேண்டும். ஒரு வாண்டு மண்வெட்டிக்குப் பதிலாக வேக்வம் கிளீனர் கீறியிருந்தது, ஆசிரியை தடுக்கவில்லை. சரிதானே, ஷப்தி வேலை செய்யத்தானே இருக்கிறது!

பூச்சு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மியூசியத்தில் பார்க்கும் அந்த நீலப்பச்சை ஷப்திகள் களிமண்ணே கிடையாது. அது ஃபயான்ஸ், பொடித்த குவார்ட்ஸோடு உவர் உப்பும் கொஞ்சம் சுண்ணாம்பும் செம்பும் சேர்த்துக் குழைத்தது. காயும்போது உப்பு மேலே பூத்து வரும், சுட்டால் அதுவே கண்ணாடி மாதிரி மினுங்கும். வகுப்பில் சாதாரண வெள்ளை மண்ணில் செய்து, நீலப்பச்சைப் பூச்சு அடித்துச் சுட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அது போதும், வித்தியாசத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, பொணத்தோட வைக்கிற பொம்மையா, அப்படின்னா சாமி அலமாரி பக்கம் கொண்டுபோகாதே கண்ணு என்று சொல்லிவிட்டார். இப்போது ஷூ ரேக் மேல் நிற்கிறது.

இரண்டாம் வாரம் நீர்யானை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும், வில்லியம் என்று செல்லப்பெயர் வைத்த நீல நீர்யானைதான் மாதிரி. அது ஏறக்குறைய 3,900 ஆண்டுப் பழசு, உடம்பெல்லாம் தாமரை வரைந்திருக்கும். இறந்தவரை மறுவுலகில் தாக்கிவிடக் கூடாது என்று அதன் காலை வேண்டுமென்றே உடைத்துத்தான் கல்லறையில் வைத்தார்கள், இப்போது இருப்பதில் மூன்று கால் பின்னால் பொருத்தியவை. எங்கள் பெண்ணின் நீர்யானை சூளையிலிருந்து ஒரு கால் போய்த்தான் வந்தது. ஒட்டித் தருகிறோம் என்றார்கள், வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக வாங்கி வந்துவிட்டாள்.

குறை மூன்றாம் வாரத்தில் ஆரம்பிக்கிறது. கனோபிக் ஜாடி, மம்மி செய்யும்போது எடுக்கும் உள்ளுறுப்புகளை வைப்பது, மூடியில் ஒரு காவல் தெய்வத்தின் தலை இருக்கும். கல்லீரலுக்கு மனிதத் தலை இம்செட்டி, நுரையீரலுக்குக் குரங்குத் தலை ஹாப்பி, இரைப்பைக்கு நரித் தலை துவாமுதெஃப், குடலுக்குப் பருந்துத் தலை கெபெசனுவெஃப், இதயம் மட்டும் உடம்போடு. கதை பிரமாதம், பிள்ளைகள் ஈஈ என்று கத்திக்கொண்டே ரசித்தார்கள். ஆனால் மண்ணைத் திரி திரியாக உருட்டி அடுக்கி, இடைவெளியைத் தேய்த்து மூடி, அதற்கு மேல் தலையுள்ள மூடியும் செய்ய ஒன்றரை மணி நேரம் எப்படிப் போதும்? பாதிப் பிள்ளைகளுக்கு ஜாடியை ஆசிரியையும் உதவியாளரும்தான் முடித்தார்கள். மூடியைத் தனியாகக் காய வைத்தார்கள், அது எனக்கு அப்போதே இடித்தது. மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும், ஜாடி மேல் வைத்தே காயவிட்டால்தான் இரண்டும் ஒன்றாகச் சுருங்கும். கடைசியில் பெண்ணின் நரித் தலை ஜாடிக்குள் விழுகிறது. இரைப்பைக்குள் நரி!

நான்காம் வாரம் துட்டன்காமுன் முகமூடி. பிளாஸ்டிக் அச்சில் மண்ணை அமுக்கி எடுத்துக் காயவைத்து, தங்கப் பெயிண்ட் அடிப்பது. அச்சு வைப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை, ஷப்திகளையே அச்சில்தான் ஏராளமாக அடித்துத் தள்ளினார்கள். ஆனால் அசல் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கம், அதை மண்ணில் செய்யும்போது பிள்ளைக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் வரும், மண் வேலை ஒன்றும் வராது. பத்தும் ஒரே முகமாக வரிசையில் இருந்தன, எங்களுடையது எது என்று பின்பக்கப் பெயரைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

இதற்குப் பதில் ஆன்ம வீடு செய்யச் சொல்லியிருக்கலாம் என்பது என் கட்சி. பிரிட்டிஷ் அகழ்வாய்வாளர் பெட்ரி 1907 வாக்கில் எகிப்தின் ரிஃபேயில் நிறைய கண்டெடுத்தார், 'மத்திய இராச்சியம்' என்னும் ஏறக்குறைய 4,000 ஆண்டுக்கு முந்தின காலத்தவை, கல்லறை மேல் வைத்தவை, எல்லாம் சுட்ட களிமண். ஒரு தட்டு, அதில் முற்றம், பின்னால் தூண் வைத்த சின்ன வீடு, மாடிக்கு ஒரு படிக்கட்டு, முற்றத்தில் ரொட்டியும் மாட்டுத் தலையும். ஊற்றும் தண்ணீர் வழிந்தோட முன்பக்கம் ஒரு வாய். எட்டு வயசுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? தப்பாக வந்தாலும் வீடு வீடுதான். ஆசிரியையிடமே சொன்னேன், துட்டன்காமுன் படம் போட்டால்தான் இடம் நிரம்புகிறது என்றார். அவர் பிழைப்பும் நடக்க வேண்டுமே.

முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் தனியாகச் சேர முடியுமா என்று கேளுங்கள், எங்கள் பட்டறையில் 52 பவுண்டுக்கு விடுகிறார்கள். 7 வயதுக்குக் கீழே வேண்டாம், கை ஒட்டும் இடத்திலேயே பொறுமை போய்விடும். சுட்ட பொருள் கைக்கு வர மூன்று வாரமாவது ஆகும், அதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். முடிந்தால் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் லண்டனின் யுசிஎல் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பெட்ரி மியூசியத்துக்குக் கூட்டிப்போங்கள், நுழைவு இலவசம், பிரிட்டிஷ் மியூசியம் அளவுக்குக் கூட்டம் இருக்காது. பழைய சட்டை போட்டு அனுப்புங்கள், தங்கப் பெயிண்ட் துவைத்தால் போகவில்லை.