சுலைமானியா பள்ளி அட்டை மாடல்: குப்பா அருமை, மினாராவில் பிழை

பள்ளிக்கூட லீவுக்கு மகளுக்கென்று திருகோணமலை டவுனில் 4,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இஸ்தான்புல் சுலைமானியா பள்ளிவாசலின் அட்டை மாடல். ஒட்டி முடிக்க மூன்று இரவு பிடித்தது.

குவிமாடத்தை, நாங்கள் குப்பா என்போம், அவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள். முதலில் நான்கு பெரிய தூண், அவற்றின் மேல் நான்கு வளைவு, அப்புறம் முன்னும் பின்னும் ஒவ்வோர் அரைக் குப்பா, இதெல்லாம் இறுகிய பிறகுதான் நடுக் குப்பா உட்காரும். மகள் அவசரப்பட்டு அரைக் குப்பா இல்லாமலே வைத்துப் பார்த்தாள், வளைவுகள் வெளிப்பக்கம் விரிந்து குப்பா உள்ளே விழுந்தது. நிஜக் கட்டடத்திலும் சிக்கல் இதுதான். 53 மீட்டர் உயரத்தில், 26 மீட்டருக்கு மேல் அகலமான செங்கல் குப்பா, தாங்கும் சுவரை எந்நேரமும் வெளியே தள்ளும். இதைக் கட்டிய கட்டடக் கலைஞர் மிமார் சினான் 1550இல் வேலையைத் தொடங்கி 1557இல் முடித்தபோது, முன்பின் தள்ளலை அரைக் குப்பாக்களிடம் கொடுத்தார், பக்கவாட்டுத் தள்ளலுக்குப் பெரிய முட்டுச் சுவர்களைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் வைத்து மாடங்களால் மறைத்துவிட்டார். மாடலில் அந்த மாடங்களின் குட்டி வளைவுகள்கூட ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. மகள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

மினாராவில்தான், அதாவது பாங்கு சொல்லும் கோபுரத்தில்தான், மனம் நொந்துவிட்டது. நான்கும் ஒரே உயரம், ஒவ்வொன்றிலும் மூன்று பால்கனி, ஆக 12. நிஜத்தில் பத்துதான்: தொழும் மண்டபத்தை ஒட்டிய இரண்டும் உயரமானவை, அவற்றில் மும்மூன்று, முற்றத்தின் வெளி மூலைகளில் உள்ளவை குட்டை, அவற்றில் இவ்விரண்டு. இந்தப் பள்ளியைக் கட்டச் சொன்ன சுலைமான் உஸ்மானிய வம்சத்தின் பத்தாவது சுல்தான், இஸ்தான்புல் கைக்கு வந்த பிறகு நான்காவது, அதனால்தான் நான்கு மினாரா, பத்து பால்கனி என்று சொல்வார்கள். பெட்டிமேல் உள்ள படத்திலேயே சரியாக இருக்கிறது, உள்ளே இப்படிச் செய்துவிட்டார்களே! விளக்கத் தாளில் சினானின் பெயரும் இல்லை. அந்தப் பள்ளி மதிலுக்கு வெளியே, தானே கட்டிய சின்ன கப்ரில் அடங்கியிருக்கும் மனிதர் அவர். பெயரை மகளே தாளில் எழுதி அடியில் ஒட்டினாள்.

ஆனாலும் வாங்கலாம், குப்பா ஒன்றுக்காகவே. கடல் காற்றில் அட்டை இளகும், கண்ணாடி அலுமாரிக்குள் வையுங்கள். இரண்டு மினாராவை ஒட்டுவதற்கு முன்பே பிளேடால் ஒரு பால்கனி அளவு குறைத்துவிடுங்கள். நாங்கள் ஒட்டிய பிறகு வெட்டப்போய் ஒன்றின் நுனி மடங்கிவிட்டது.