கிளிநொச்சியில் மேளம் பிடிக்கப் போகிறவர்களுக்கு

என் தம்பியின் வரவேற்புக்கு வாசித்த மேளக் குழு எப்படி என்று சொந்தக்காரரும் தெரிந்தவர்களும் கேட்டபடி இருக்கிறார்கள். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு "நல்லா வாசிப்பினம்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அன்றைக்கு அவர்கள் செய்த வேலைக்கு அந்த ஒரு வரி போதாது.

தம்பி மொஸ்கோவில் மருத்துவம் படித்தவன். கூடப் படித்த பிள்ளையைத்தான் கட்டினான். அவளுடைய அப்பா தாஷ்கண்டைச் சேர்ந்த உஸ்பெக், அம்மா ரஷ்யர். கலியாணம் தாஷ்கண்டில் நடந்தது. அம்மாவும் நானும் போய் வந்தோம். இங்கே எங்கள் ஆட்களுக்காகக் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் வரவேற்பு வைத்தோம். பெண் வீட்டிலிருந்தும் சிலர் வந்தார்கள்.

குழுவில் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். மூத்த தவில்காரர் சின்ன வயதில் அளவெட்டியில் பழகியவர். தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாழ்ந்த மண்ணில் பாடம் கேட்டவர் என்பது அவர் உட்காரும் விதத்திலேயே தெரியும். 2009இல் போரில் இடம்பெயர்ந்தபோது தவிலையும் விட்டுவிட்டு ஓடி, மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பி, பிறகு கடன்பட்டு வேறு தவில் வாங்கியவர். பேசப் போன இடத்தில் அவர் காசைப் பற்றிக் கதைக்கவில்லை. "அவையின்ர ஊரில கலியாணத்துக்கு என்ன வாசிப்பினம் பிள்ளை? வீடியோ இருக்கே?" என்றுதான் முதலில் கேட்டார்.

இருந்தது. தாஷ்கண்ட் மண்டப வாசலில் எடுத்தது. கர்ணாய் என்கிற ஆள் உயரத்தைத் தாண்டிய பித்தளைக் குழலை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து ஊதுகிறார்கள். அதில் விரல் துளை கிடையாது, மூச்சாலும் உதட்டாலும் வரக்கூடிய சில சுரங்கள்தான். பக்கத்தில் சுர்ணாய், எங்கள் நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி. மரக்குழல், நாணலில் செய்த சீவாளி, கன்னம் உப்ப இடைவிடாத மூச்சு. நாதஸ்வரக்காரர் போனை வாங்கி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மூத்தவரின் கண் தோய்ராவில்தான் நின்றது. அது அகலமான வட்டப் பறை, மரச்சட்டத்தின் உள்விளிம்பு முழுக்க இரும்பு வளையங்கள். வாசிப்பவர் விரலால் தட்டும்போது தோலும் வளையமும் சேர்ந்து பேசும். உஸ்பெக் ஆட்டப் பாட்டுகளில் 6/8 தாளம் நிறைய வரும். மூத்தவர் துடையில் தட்டிப் பார்த்து "தகிட தகிட, திஸ்ர நடை" என்றார், மூன்று மூன்றாகப் போகிற நடை. ஒத்திகை அவ்வளவுதான்.

தாஷ்கண்டில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது, அங்கே யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்பது. எழுபது வயதுப் பாட்டியும் எழும்பி, கையை விரித்து, மணிக்கட்டைச் சுழற்றி ஆடுவார். ஆடுகிறவரின் கையில் காசைத் திணிப்பார்கள், அது கடைசியில் வாத்தியக்காரருக்குப் போகும். ரஷ்யப் பக்கத்துக்குத் தமதா என்று ஒருவர் இருந்தார். வாழ்த்துச் சொல்ல ஒவ்வொருவராகக் கூப்பிடுவது, விளையாட்டு வைப்பது, ஆட இறக்கிவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. மணமகளின் மாமா பயான் என்கிற பொத்தான் வைத்த அக்கோடியனோடு நடுவில் வந்துவிட்டார். எங்கள் மண்டபங்களிலோ கதிரைகளை மேடையைப் பார்க்க அடுக்கி, படம் எடுத்து, சாப்பிட்டுக் கை கழுவியதும் வீட்டுக்குப் போகிறோம். மேளத்தை ஒரு மூலையில் இருத்திவிடுகிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, வரவேற்பு நாளுக்கு வருவோம். வாசலிலிருந்து மேடைவரை சோடியை மேளத்தோடு அழைத்து வந்தார்கள். நிதானம், சுத்தம், ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு நாங்கள் தனியாகப் பிடித்திருந்த சவுண்ட்ஸ் சேவை தொடங்கியது. அதன் பெயர் வேண்டாம். பெட்டியின் பேஸ் நெஞ்சில் இடித்தது, குறைக்கச் சொன்னால் குறைக்கவில்லை, ஜெனரேட்டரைச் சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் வைத்துப் புகையைக் கிளப்பினார்கள். பெண்ணின் சித்தி ஆட எழும்பினார், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதைப் பார்த்த மூத்தவர் என்னிடம் வந்தார். "பெட்டியை நிப்பாட்டச் சொல்லு பிள்ளை."

பெண்ணின் ஒன்றுவிட்ட தங்கை தோய்ரா கொண்டு வந்திருந்தாள். மாரி ஈரத்தில் தோல் தொய்ந்து சத்தம் அடைத்துப்போயிருந்தது. மூத்தவர் தோலில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார், அவளையும் கூட்டிக்கொண்டு சமையல் கொட்டிலுக்குப் போனார். அடுப்புத் தணலுக்கு எட்டத்தில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அவளுடைய ஊரிலும் வாசிக்க முதல் சூடு காட்டித்தான் தோலை இறுக்குவார்களாம். பாஷை தெரியாத இரண்டு பேரும் தட்டுவதும் காது வைப்பதுமாக நின்றார்கள்.

அப்புறம் ஆடியது லாஸ்கி. உஸ்பெகிஸ்தானின் கோரெஸ்ம் பகுதி ஆட்டம், 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. முதலில் விரல் மட்டும் அசையும். பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி, கடைசியில் முழு உடம்பும் துள்ளும். சித்தி ஒரு கையை நீட்டி விரலை அசைத்தபோது மூத்தவர் கம்பை எடுக்கவில்லை. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், விரல் கூடு போட்ட கையால் மட்டும், மெல்ல "தகிட". தோள் குலுங்கத் தொடங்கிய பிறகுதான் இடந்தலையில் கம்பு விழுந்தது. ஆடுகிறவரின் உடம்பைப் பார்த்து வாசிப்பது என்றால் இதுதான். தோய்ரா முன்னே ஓட, தவில் கீழே தாங்கி நின்றது. நாதஸ்வரம் மெட்டை நாலு சுற்றுக் கேட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டது.

விசுவமடுவிலிருந்து வந்த எங்கள் மாமிதான் முதலில் எழும்பினார். அந்த நடைக்குக் கும்மி அப்படியே பொருந்தியது. கொஞ்ச நேரத்தில் ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். ரஷ்ய மாமா பயான் கொண்டுவராததற்கு வருந்தி, சமையற்காரரிடம் இரண்டு மரக்கரண்டி வாங்கி முதுகோடு முதுகு தட்டினார். அவர்கள் நாட்டில் கரண்டியும் ஒரு வாத்தியம். அம்மா ஆடவில்லை, ஆனால் கதிரையைத் திருப்பி வட்டத்தைப் பார்க்கப் போட்டுக்கொண்டார்.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டாவது நாதஸ்வரக்காரர் இளம் பிள்ளை, விளம்பத்தில், அதாவது மெதுவான நடையில், இழுக்கும்போது சுருதி கொஞ்சம் விலகுகிறது. மைக் அவர்களிடம் இல்லை, பெரிய மண்டபம் என்றால் நீங்கள்தான் ஒழுங்கு செய்ய வேண்டும். எங்களிடம் 80,000 ரூபாய் வாங்கினார்கள், வாகனக் காசு வேறு. ஆட்டத்துக்கு வாசித்த நேரத்துக்கு மேலதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. நாங்களாகக் கொடுத்தோம்.

பிடிப்பதென்றால் தை, ஆவணி மாதங்களுக்கு வெகு முன்னதாகவே சொல்லி வையுங்கள். உங்கள் சம்பந்தி வீட்டார் எந்த ஊராக இருந்தாலும் அவர்களுடைய பாட்டை முதலே அனுப்பி வையுங்கள், கேட்டுவிட்டு வருவார்கள். மேளக்காரரை மேடைக்கு முன்னால், ஆட்கள் எழும்பி நிற்க இடம் விட்டு இருத்துங்கள். சாப்பாட்டை அவர்களுக்கு முதல் பந்தியிலேயே போட்டுவிடுங்கள், பிறகு எழும்ப நேரம் கிடைக்காது.